வரப்பு தாண்டிய புள்ளி

தம்பி, ஆறு மணிக்குள்ள இந்த போனுக்கு உயிர் வரணும். டிஸ்பிளே மாத்தணுமா, மாத்துங்க. உள்ள வேற எதைக் கழட்டிப் போடணுமோ போடுங்க, எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உள்ள இருக்கிறது மட்டும் அழியக் கூடாது. போட்டோ இல்ல தம்பி. நம்பரும் இல்ல. ஒரு விளையாட்டு இருக்கு அதுல.

சிரிச்சா சிரிச்சுக்கோங்க, கை மட்டும் நிக்காம வேலை பாக்கட்டும். இதுக்கு முன்னாடி ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தன் நாளைக்கு வாங்கன்னான். இன்னொருத்தன் மதுரைக்கு அனுப்பணும்னான். நாளைக்கு இது எனக்கு எதுக்கு? இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணியோட அந்த விளையாட்டையே மூடுறாங்க. எந்த நாட்டுக் கம்பெனியோ, பத்து நாளைக்கு முன்னால அறிவிப்புப் போட்டுட்டான். முப்பதாம் தேதி, ஆறு மணி. அதுக்கப்பறம் தொறந்தா ஒண்ணுமே இருக்காதாம். இப்ப மணி என்ன? நாலே காலா? சரி. சரி. நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கிறேன். பேசிக்கிட்டே இருக்கானேன்னு நினைக்காதீங்க தம்பி, பேசாம இருந்தா எனக்கு இருப்புக் கொள்ளல.

என் பேரு உலகநாதன். இதே சாத்தூர் தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்தேன். ரிட்டயர் ஆகி மூணு வருஷம். இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் காட்டுக்கு எது எல்லைன்னு என்னைக் கேட்டுத்தான் சொல்லணும். முப்பத்துநாலு வருஷம் சங்கிலியும் கல்லுமா அலைஞ்சவன். அண்ணன் தம்பி அரிவாளைத் தூக்கிட்டு நிக்கிற எடத்துல நான் போய், "கல்லு இந்தா இருக்கு, அங்கிட்டு உனக்கு, இங்கிட்டு அவனுக்கு"ன்னு சொன்னா சத்தம் அடங்கிரும். நான் அதிகம் பேச மாட்டேன் தம்பி. அளவுதான் பேசும்.

அந்த விளையாட்டைச் சொல்றேன். ரொம்பச் சின்ன விளையாட்டு. வெள்ளைத் தாள் மாதிரி ஒரு திரை. அதுல இருபத்தோரு வட்டம். கீழ இருக்கிற பெரிய வட்டம் என் வீடு, நீலம். மேல இருக்கிறது எதிராளி வீடு, சிவப்பு. மத்ததெல்லாம் சாம்பல் கலரு, யாருக்கும் சொந்தமில்ல. நாங்க அதைப் புறம்போக்குன்னு சொல்லுவோம். வட்டத்துக்குள்ள புள்ளி இருக்கும். விரலை வச்சு ஒரு வட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு இழுத்தா புள்ளியெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். புறம்போக்குல போய் விழுந்தா அது நம்ம கலரு ஆயிரும். பட்டா மாத்தியாச்சுன்னு கத்துவா எம் பொண்ணு. பிடிச்ச எடத்துல புள்ளி தானா ஊறிப் பெருகும், வீட்டுல ஊறாது. ஊறினதைக் கொண்டாந்து வீட்டுல சேத்துக்கணும். அவ்வளவுதான். சத்தம் கிடையாது, ரத்தம் கிடையாது. ஆளுக்கு ஒரு தடவை, மாத்தி மாத்தி. அவசரமும் கிடையாது, ஒரு நாள் கழிச்சுக்கூட நகத்தலாம்.

ரெண்டே ரெண்டு சட்டம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு, இழுத்தா சரிபாதிதான் போகும். நாப்பது இருந்தா இருபது போகும், இருபது நிக்கும். கூடவும் அனுப்ப முடியாது, குறைச்சும் அனுப்ப முடியாது. இன்னொண்ணு, எதிராளி வட்டத்துக்குப் போன புள்ளி ஒண்ணுக்கு ஒண்ணு அடிச்சுக்கிட்டுச் சாகும். மிச்சம் யாருக்கு நிக்குதோ அவனுக்கு அந்த எடம். வீட்டை விட்டா ஆட்டம் முடிஞ்சது.

எம் பொண்ணு பேரு மீனலோசனி. லோசனின்னு கூப்புடுவோம். ஒரே பொண்ணு. பதினொண்ணாவது படிக்கையில அவதான் இதை என் போன்ல ஏத்தி வச்சா. சாப்பிட்ட தட்டைத் தள்ளி வச்சுட்டு, நடுவுல போனை வச்சு, அவ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் உக்காந்து ஆடுவோம். எல்லை பிடிக்கிற விளையாட்டுல ஒரு சர்வேயரை ஜெயிக்க முடியுமா? தினம் தோப்பா. தினம் அழுவா. அப்பறம் ஒரு நாள் அவளே ஒரு சட்டம் கொண்டாந்தா. நடுவுல அஞ்சு வட்டம் வரிசையா இருக்கும். "அப்பா, இது வரப்பு. இதை நீயும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. இதைத் தாண்டுறவங்கதான் சண்டைக்காரங்க"ன்னா. வரப்பை யாரும் தாண்டலைன்னா ஆட்டம் முடியவே முடியாதே தம்பி? முடியல. அரைப்பரீட்சை லீவு பூராவும் ஒரே ஆட்டம் ஓடுச்சு. ஜெயிப்பும் இல்ல, தோல்வியும் இல்ல. அவ அம்மா வந்து, "ரெண்டும் என்னத்தைத்தான் விளையாடுதுகளோ"ன்னு தலையில அடிச்சுக்கிட்டுப் போவா.

அவளுக்கு நான் எதுலயும் குறை வச்சதில்ல. எந்த குரூப்பு எடுக்கணும், எந்தக் காலேஜ், எந்த பஸ்ல போகணும், எந்த சீட்ல உக்காரணும், எல்லாம் நானே பாத்துப் பாத்து முடிவு பண்ணினேன். எதையும் யோசிக்க வேண்டிய கஷ்டத்தை அந்தப் பிள்ளைக்கு நான் குடுத்ததே இல்ல. மாப்பிள்ளையும் நானே பாத்து வச்சிருந்தேன். என்கூட வேலை பாத்தவர் மகன். அப்ப வந்து சொல்றா தம்பி, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தனை விரும்புறேன்னு. நம்ம ஆளுக இல்ல. நான் கத்தல. கை நீட்டல. வாசப்படியக் காட்டி, "எல்லை இதான், தாண்டினா தாண்டினதுதான்"னு மட்டும் சொன்னேன். அளவாத்தான் சொன்னேன்.

தாண்டிட்டா. ஒரு பையோட நிக்கிறா. "போனு யார் வாங்கிக் குடுத்தது?"ன்னு கேட்டேன். மேசையில வச்சுட்டுப் போயிட்டா. இந்தா உங்க கையில இருக்கே, அந்த போன்தான் அது. என்னுது பழசாப் போச்சுன்னு என் சிம்மை எடுத்து இதுல போட்டுக்கிட்டேன். நல்ல போனை எதுக்கு வீணாக்கணும்?

அந்த மாசம் பூராவும் ஒரு புது நம்பர்ல இருந்து அடிச்சா. எண்ணி வச்சிருக்கேன், இருபத்தேழு தடவை. ஒண்ணையும் எடுக்கல. கட் பண்ணிக் கட் பண்ணிக் கை அலுத்துப்போய் அந்த நம்பரை பிளாக் பண்ணி அழிச்சுட்டேன். இப்ப தேடினாக் கிடைக்கல. பெத்த அப்பனுக்கு ஒரு நம்பர் குடுத்து வைக்கணும்னு தோணலை பாருங்க அவளுக்கு.

என் வீட்டுக்காரி ஆவுடைகிட்டயும் கறாராச் சொல்லிட்டேன். அவ பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது, நீயும் பேசக் கூடாது, பேசினேன்னு தெரிஞ்சா நான் வீட்டுல இருக்க மாட்டேன்னு சாமி படத்துக்கு முன்னால சத்தியம் வாங்கினேன். ஆவுடை சொன்ன சொல் மாற மாட்டா. சாயங்காலம் ஆனா மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணிய எடுக்க முக்கா மணி நேரம் ஆக்குவா, எறங்கி வரையில கண்ணெல்லாம் செவந்திருக்கும். மாடியில தூசி ஜாஸ்தி. ஆனா ரெண்டு வருஷத்துல லோசனி பேரை ஒரு தடவைகூட எடுத்ததில்ல.

அந்த ஸ்க்ரூ இறுகிக்கிச்சா தம்பி? பாத்து. பாத்து.

லோசனி போய் எட்டு மாசம் இருக்கும். ஒரு நாள் இந்த போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். அவ இதுலயும் அந்த விளையாட்டை ஏத்தி வச்சிருந்தா, அதுல யாரோ ஆட வான்னு கூப்புடுறாங்க. பேரு கிடையாது, விருந்தாளின்னு போட்டு ஒரு நம்பர். சும்மாதானே இருக்கேன்னு தொட்டேன். ஆடுறேன், ஆடுறேன், அந்த ஆளு நடு வரிசையத் தொடவே மாட்டேங்குது. சுத்தி இருக்கிற புறம்போக்கெல்லாம் பட்டா மாத்துது, நடுவுல அஞ்சு வட்டம் மட்டும் சாம்பலாவே நிக்குது. உலகத்துல இந்தச் சட்டம் தெரிஞ்ச ஆளு ரெண்டே பேருதான்.

நான் ஆவுடைகிட்டச் சொல்லல. சொன்னா எல்லாம் தெரிஞ்சுரும்ல. காப்பியக் குடிச்சுட்டுத் தனியா உக்காந்து ஒரு நகத்தல். மத்தியானம் பாத்தா அங்கிட்டு இருந்து ஒரு நகத்தல் வந்திருக்கும். அவ சாப்பாட்டு நேரம் போலன்னு நினைச்சுக்குவேன். காச்சல் கீச்சல்னா ரெண்டு நாள் வராது. எனக்குச் சோறு எறங்காது. அப்பறம் வரும். ஒரு வருஷம் தம்பி. ஒரு வார்த்தை பேச முடியாது அதுல, எழுத முடியாது, சிரிப்புப் படம்கூடக் கிடையாது. ஆனா எம் பொண்ணு இருக்கா, நல்லாத்தான் இருக்கான்னு எனக்குத் தெரியும். நான் மன்னிக்கலை, அது வேற. ஆனா தெரியும்.

இப்ப வர்றதுதான் சமாச்சாரம். இந்த மாச ஆரம்பத்துல அவ ஆட்டம் மாறிச்சு. அவ வீட்டுல முப்பத்திரண்டு புள்ளி இருந்துச்சு. ஒரு நாள் அதுல பாதியைக் கொண்டுபோய்ப் பின்னாடி கொல்லைப்பக்கத்து வட்டத்துல விட்டா. பதினாறு ஆச்சு. மறுநாள் அதுலயும் பாதி. எட்டு. அப்பறம் நாலு. அப்பறம் ரெண்டு. வீட்டைத் தொடைச்சு வச்ச மாதிரி ஆக்கிட்டா. என் வீட்டுல ஐம்பத்தொண்ணு கும்முன்னு நிக்குது.

நான் இந்த மாதிரி எத்தனை கேஸு பாத்திருப்பேன்! இருக்கன்குடிப் பக்கம் ஒருத்தன், வரப்போரமா வச்சிருந்த வைக்கப்படப்பைத் தானா எடுத்து உள்ள தள்ளி வச்சான். பக்கத்துக் காட்டுக்காரன் நல்ல மனுசன்னு நினைச்சான். நாலாம் நாள் கல்லு மூணடி நகந்திருக்கு. சர்வீஸ்ல நான் கத்துக்கிட்ட முதல் பாடமே அதான். முட்டிக்கிட்டு நிக்கிறவனை நம்பலாம், விலகிப் போறவனைக் கண்கொத்திப் பாம்பாப் பாக்கணும். இவ பின்னாடி சேக்குறா, என்னமோ செய்யப் போறான்னு நானும் காத்துக்கிட்டு இருந்தேன்.

அஞ்சாம் நாள் செஞ்சா. ஒரே ஒரு புள்ளி தம்பி. அவ வீட்டுல இருந்து கிளம்பி, நடு வரப்பைத் தாண்டி, என் வீட்டுக்குள்ள வந்து விழுந்துச்சு. என் ஐம்பத்தொண்ணு ஐம்பது ஆச்சு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! பதினொண்ணாப்புல அவளே போட்ட சட்டம், அதை அவளே மீறிட்டா. அன்னைக்கு வாசப்படி, இன்னைக்கு வரப்பு. எதைத்தான் மதிக்கிறா இவ? விரலை வச்சு ஒரே இழுப்பு. இருபத்தஞ்சு புள்ளி போச்சு. அங்க இருந்தது ஒண்ணு. வீடு நீலமாயிருச்சு. வெற்றின்னு போட்டுச்சு. நான் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சேன்.

மறுநாள் காலையில ஆவுடை அடுப்படியில வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே கேக்குறா, "விளையாட்டுல ஜெயிச்சுட்டீகளாமே"ன்னு. "உனக்கு எப்படித் தெரியும்?"னேன். "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா"ன்னா. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ, என் மூஞ்சிய அப்படிப் படிச்சு வச்சிருக்கா. வெங்காயம் காரம் போல, மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தா.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத் தென்காசிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. தங்கச்சிக்கு முதுகுவலியாம், கூட இருந்து பாக்கணுமாம். நான் போயிட்டு வான்னுட்டேன். சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய்னு ஒரு பை. அது போகட்டும். பீரோவுல இருந்த என் பழைய வேட்டி நாலையும் எடுத்துத் துண்டு துண்டாக் கிழிச்சு அடுக்கிக்கிட்டு இருக்கா. எதுக்குடின்னா, அங்க தொடைக்கத் துணி இல்லையாம். தென்காசியில துணிக்குப் பஞ்சம் வந்துருச்சு பாருங்க. போய்ப் பதினெட்டு நாளாச்சு, இன்னும் வரல. போன்ல பேசினா பின்னாடி கண்டக்டர் சத்தம், "பல்லடம், பல்லடம்"னு. தென்காசியில இருந்து அங்கயும் வண்டி போகுது போல. பேச்சுக்கு நடுவுல, "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா"ம்பா. "சத்தியம் பண்ணியிருக்க, பாத்துப் பேசு"ம்பேன். "சாப்பிட்டீகளா"ன்னு கேட்டுட்டு வச்சிருவா.

நான் எங்க சாப்பிட்டேன்? ஜெயிச்ச அன்னைக்கே மறுபடி ஆடலாம்னு கூப்பிட்டு விட்டேன். அவ வரல. ஒரு நாள். மூணு நாள். ஒரு வாரம். அப்பத்தான் இந்த மூடப்போற அறிவிப்பு வருது. அதைப் படிச்சுட்டு நான் வாசல்ல அப்படியே உக்காந்துட்டேன் தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதேன். எனக்கும் எம் பொண்ணுக்கும் நடுவுல இருக்கிறதே இந்த ஒரு தாள்தான், அதையும் சுருட்டப் போறான். திருப்பூரோ பெங்களூரோ, எந்த ஊர்ல இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. யாரைப் போய்க் கேப்பேன்? கேக்குற மாதிரி யாரையும் நான் வச்சுக்கலையே. தினம் நூறு தடவை அந்தப் பக்கத்தைத் தொறந்து பாப்பேன். காத்திருக்கவும்னு போட்டிருக்கும்.

இன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். குளிச்சுட்டுத் தலை தொவட்டிக்கிட்டு இருக்கேன். டிங்! ஓடிவந்து பாத்தா, அவ வந்துட்டா. என் அழைப்பை ஏத்துக்கிட்டா. புது ஆட்டம், முதல் நகத்தலும் நகத்தியிருக்கா. ஈரக் கையி தம்பி. வழுக்கி, கல் தரையில, மூஞ்சி குப்புற. எடுத்துப் பாத்தாக் கருப்பு. உள்ள என்னமோ அடிச்சுக்கிட்டே கிடக்கு, அதிருது, நடுங்குது, ஆனா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. காலையில இருந்து அப்படி அதிருது. அவதான் நகத்தச் சொல்லிக் கூப்புடுறா போல. நான் ஊமையா நிக்கிறேன்.

என்ன கேட்டீங்க?

இல்ல, என்ன கேட்டீங்க இப்ப? சொல்லுங்க.

ஒத்தைப் புள்ளிய வச்சு என்னத்தைப் பிடிக்க முடியும்னா?

ஒண்ணும் பிடிக்க முடியாது. ஐம்பத்தொண்ணு இருக்கிற வீட்டை ஒண்ணை வச்சு எப்படிப் பிடிக்கிறது? எந்தக் கிறுக்கனும் அப்படி அனுப்ப மாட்டான். அதுவும் ஒண்ணே ஒண்ணை அனுப்பணும்னா, வீட்டுல ரெண்டே ரெண்டுதான் இருக்கணும். பாதிதானே போகும். அதுக்காக அவ நாலு நாளா வீட்டைக் காலி பண்ணி... எதிராளி எப்ப வேணாலும் ஏறி வந்துரலாம்னு தெரிஞ்சும்...

தம்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க.

பன்னெண்டாவது படிக்கையில ஸ்கூல்ல டூர் போகணும்னா. கூடாதுன்னுட்டேன். அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிப் போயிட்டு வந்துட்டா. நான் நாலு நாள் அவகூடப் பேசல. நாலாம் நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், எதுக்க வந்து உக்காந்து போனை நடுவுல வச்சா. பாத்தா அவ வீட்டுல ரெண்டே புள்ளி. ஒண்ணை எடுத்து என் வீட்டுக்கு அனுப்பினா. "என்னடி, வரப்பைத் தாண்டுற?"ன்னேன். நாலு நாள்ல அதான் நான் பேசின முதல் பேச்சு. "சண்டைக்கு வரலப்பா. கதவைத் தட்டுறேன். இதுல வேற எப்படித் தட்டுறது?"ன்னா. நானும் என் வீட்டைக் காலி பண்ணி ஒண்ணைத் திருப்பி அனுப்பினேன். பத்து வருஷம் ஆச்சு தம்பி. எனக்கு மறந்தே போச்சு. அவளுக்கு மறக்கல.

ஐயோ. தட்டியிருக்கா. கையில ஒண்ணும் இல்ல பாருன்னு வீட்டையே தொறந்து போட்டுட்டு வந்து தட்டியிருக்கா. நான் இருபத்தஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போய் அந்த வீட்டை... தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சேன் தம்பி. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சேன். நான் மனுசனா? முப்பத்துநாலு வருஷம் ஊரான் வரப்பை அளந்தேனே, எம் பொண்ணு வாசல்ல நிக்கிறது எனக்குத் தெரியலையே.

மணி என்ன? அஞ்சரையா! முடியுமா தம்பி? ஒட்டுறதெல்லாம் அப்பறம் ஒட்டிக்கலாம், சும்மா வச்சுப் பிடிச்சு எரிய விடுங்க. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல, அந்தா போட்டோவுல ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு, அந்தப் பிள்ளை நல்லா இருக்கும், கொஞ்சம் சீக்கிரம்.

எரியுது! எரியுது தம்பி! சாமி, நீங்க நல்லா இருக்கணும். என்னது இது? பதினேழு மிஸ்டு கால். எல்லாம் ஆவுடை. இவ ஒருத்தி. தங்கச்சி முதுகுல எண்ணெய் தடவுறதை விட்டுட்டுக் காலையில இருந்து இதைத்தான் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. தள்ளுங்க அதை. தள்ளிட்டு அந்த வட்டம் போட்ட படத்தைத் தொடுங்க.

இந்தா இருக்கு. பாருங்க. நான் நீலம். புது ஆட்டத்துல வீட்டுக்கு எட்டு புள்ளி குடுப்பான். அவ என்ன நகத்தியிருக்கா பாத்தீங்களா? எட்டுல நாலைப் பின்னாடி கொண்டுபோயிட்டா. மறுபடி காலி பண்ணுறா தம்பி! நான் அப்படிப் பண்ணினப்பறமும் மறுபடி தொடங்குறா. இருடி, இரு, அப்பா வந்துட்டேன். நானும் நாலைப் பின்னாடி தள்ளுறேன். இந்தா, போச்சு. என் வீட்டுல நாலு. அவ நகத்தணும் இப்ப. ஏழு மணி நேரமாக் காத்திருந்தவ இப்ப பாக்கணுமே. ஆறு மணிக்குப் பதினெட்டு நிமிசம் இருக்கு.

நகத்திட்டா! உடனே நகத்திட்டா! போனைக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்கா தம்பி. அவ வீட்டுல ரெண்டு. என் முறை, நானும் ரெண்டைத் தள்ளிட்டேன். நாலு, ரெண்டு ஆச்சு. ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு. வாழ்க்கையில இப்படி ஒரு ஆட்டம் நான் ஆடினதில்ல. இப்ப எவன் வந்தாலும் என்னைத் தூக்கிட்டுப் போயிரலாம். பரவால்ல.

ஆவுடை கூப்புடுறா. அடச்சே, திரையவே மறைக்குது. கட் பண்ணுங்க. நேரங்காலம் தெரியாதவ. நான் நகத்தின நிமிசம் பாத்து அடிக்கிறா பாருங்க.

அவ இன்னும் நகத்தல. பத்து நிமிசம்தான் இருக்கு. லோசனி, நகத்துடி. தட்ட வந்தவ நீ, இன்னைக்கு நான் தட்டணும்டி, நீ நகத்தினாத்தான் எனக்கு முறை வரும். கோவமா இருக்கியா? இரு. கோவமா இரு. ஆனா நகத்து. மறுபடியும் ஆவுடை! கட் பண்ணுங்க தம்பி. எட்டு நிமிசம். எங்க போனா இவ? எதாச்சும் வேலையா இருப்பாளோ, யாரும் கூப்பிட்டிருப்பாங்களோ...

வந்துட்டா. நகத்திட்டா. வீட்டைத் தொடல, ரெண்டை ரெண்டாவே வச்சுட்டுப் பின்னாடி எதையோ சும்மா தள்ளியிருக்கா. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. என் முறை. என் விரலைப் பிடிங்க தம்பி, தப்பா எங்கயும் இழுத்துரக் கூடாது. என் வீட்டுல இருந்து, இப்படி, நேரா, அவ வீட்டுக்கு. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. போகுது பாருங்க. மெதுவாத்தான் போகும். வரப்புக்கு வந்துருச்சு. தாண்டப்போகுது, இந்தா, தாண்டு...

ஐயோ, மறைச்சுட்டாளே! திரும்ப ஆவுடை! அவ வீட்டுல போய் விழுந்துச்சா இல்லையான்னு தெரியலையே! கட் பண்ணுங்க. நாலு நிமிசம்தான் இருக்கு, எம் பொண்ணு பதிலுக்கு நகத்துவா, நான் பாக்கணும். கட் பண்ணுங்க தம்பி.

ஏன், கட் பண்ணுங்கன்னா? ஏன் பச்சையை அமுக்கி என் காதுகிட்டக் கொண்டாறீங்க?

ஏன் தம்பி என்னை அப்படிப் பாக்குறீங்க?